ஏற்காட்டுக் கல்லும் எட்டுப் படியும்: ஒரு சின்ன அருங்காட்சியகம் இணையத்துக்கு வந்த நிகழ்வு ஆய்வு

சேலத்தில் ஒரு கல்லூரி. வரலாற்றுத் துறையின் வகுப்பறைகளைத் தாண்டிப் போனால் கடைசியில் ஒரு நீள அறை வரும். வாசலில் ‘அருங்காட்சியகம்’ என்று பலகை. மூன்று கண்ணாடி அலமாரிகள், இரண்டு மர பீரோக்கள், ஜன்னலோரம் ஒரு மேசை. உள்ளே 200-க்குச் சற்று மேற்பட்ட பொருள்கள். சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கோடரிகள், கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், செப்புக் காசுகள், நான்கு கட்டு ஓலைச்சுவடி, தானியம் அளக்கும், பித்தளைப் பூண் போட்ட ஒரு மரக்கால், ஒரு படி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலிருந்து வந்த, கொலுசுக்குக் கம்பி இழுக்கும் இரும்புத் தகடு. வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு நடுகற்கள், பாதி மண்ணுக்குள். அறை திறப்பது ஆண்டுக்கு இரண்டு முறை: முதலாமாண்டு மாணவர்கள் வரும்போது ஒரு தடவை, வெளியிலிருந்து ஆய்வுக் குழு வரும்போது ஒரு தடவை.

இந்த அறையை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று ஐந்து பேர் சேர்ந்தோம். நான் நூலகத்துறை ஆள்; பட்டியல் போடுவதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், கல்யாண வீடியோ எடுக்கும் முன்னாள் மாணவர் ஒருவர், முதுகலை படிக்கும் மாணவிகள் இருவர். ஆடியில் தொடங்கினோம், மாசியில் தளம் வெளியே வந்தது. பெரிய அருங்காட்சியகங்கள் செய்த வேலைகளைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. பணமும் ஆளும் இல்லாத இடத்தில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று படிக்கத்தான் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிவிடி பெட்டி

முதல் நாளே பேராசிரியர் பீரோவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தொகுப்பை ‘டிஜிட்டல்’ செய்தாயிற்றாம். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து இரண்டு நாள் படம் எடுத்து, ஏழு டிவிடிகளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. டிவிடி படிக்கும் கருவி ஒன்றைத் தேடிப் பிடிக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஏழில் நான்குதான் திறந்தன.

படங்கள் ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொன்றின் பெயரும் ஐஎம்ஜி 0001, ஐஎம்ஜி 0002 என்று போகிறது. எது எந்தப் பொருள்? காசு என்றால் காசு, ஓடு என்றால் ஓடு. அதற்குமேல் சொல்ல முடியவில்லை. கற்கோடரிகள் எல்லாம் கறுத்து, வழவழவென்று, ஒன்றுபோலவே இருக்கின்றன. கூடவே ஒரு எக்செல் கோப்பும் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தது. ஒருங்குறி (யூனிகோட்) வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துரு ஒன்றில் அடித்தது அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியாது. எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருவழியாக மீட்டோம். மீட்டுப் பார்த்தால் உள்ளே ‘கல் கருவி’, ‘கல் கருவி’, ‘கல் கருவி’ என்று வரிசையாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கே எனக்கு ஒன்று உறைத்தது. படம் எடுப்பது இந்த வேலையில் சின்னப் பகுதி. படத்துக்குக் கீழே நாம் எழுதும் நான்கைந்து வரியில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த வரி இல்லாத படம், விலாசம் எழுதாத கடிதம் மாதிரி. அதற்குப் பிறகு நாங்கள் செய்த ஒவ்வொன்றும் அந்த வரிகளைச் சரியாக எழுதுவதற்காகச் செய்ததுதான்.

வரி எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனே சாட்சி. 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏறத்தாழ 2,000 சிறு பொருள்கள் திருட்டுப் போயும் சேதமாகியும் இருப்பது வெளியே வந்தது. அவற்றில் பெரும்பாலானவை முழுமையாகப் பட்டியலிடப்படாதவை. அதன் பிறகுதான் ஐந்து ஆண்டுக்குள் தொகுப்பு முழுவதையும் டிஜிட்டல் செய்து முடிப்பதாக அவர்கள் அறிவித்தார்கள். நம் பக்கத்தில் இதற்கு எதிர்மாறான ஒன்று நடந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களின் நடுவிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைப் படம் எடுத்து, ஊர்ப்பெயரோடு கோப்பில் வைத்து வந்தது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர் சிலை ஆஸ்திரேலியாவின் கான்பெரா வரை போய்விட்டு 2014-இல் ஊர் திரும்பியதற்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் முக்கியமான ஆதாரம். படத்தோடு ஊர்ப்பெயர் இருந்ததால் அது ஆதாரம் ஆனது.

பதிவேட்டோடு ஒரு மாதம்

எனவே கேமராவை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பொருள் பதிவேட்டை எடுத்தோம். கெட்டி அட்டை போட்ட நீளக் குறிப்பேடு. பாதி ஆங்கிலம், பாதி தமிழ், நான்கைந்து பேர் கையெழுத்து. எங்களுக்கு முன்னே எப்போதோ இருந்த ஒருவர், பேரும் தெரியவில்லை, ஒவ்வொரு கல்லின்மேலும் ஓரத்தில் வெள்ளை வண்ணம் ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் இந்திய மையால் பதிவு எண்ணை எழுதி, வார்னிஷ் பூசியிருந்தார். அரிசி அளவு எழுத்து. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. டிவிடி செய்யாததை அந்தப் பொட்டு செய்தது: கல்லையும் ஏட்டையும் சேர்த்துவைத்தது.

பதிவேட்டில் ‘சேலம் மாவட்டம்’ என்று வரும் இடமெல்லாம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. எந்தச் சேலம்? 1965-இல் தருமபுரி பிரிந்தது. 1997-இல் நாமக்கல் பிரிந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 1960-இல் ‘சேலம் மாவட்டம், ஊத்தங்கரை அருகே’ என்று எழுதினால் அது சரி. இன்றைக்கு அதை அப்படியே இணையத்தில் ஏற்றினால் தப்பு. அதனால் இரண்டு கட்டம் வைத்தோம்: ‘பதிவேட்டில் உள்ளபடி’, ‘இன்றைய மாவட்டம், வட்டம்’. முதல் கட்டத்தில் எழுத்துப்பிழைகூடத் திருத்தக் கூடாது என்று விதி. பழைய பிழையிலும் சில சமயம் செய்தி இருக்கும்.

ஏற்காட்டைப் பற்றிய அறிமுகப் பக்கத்தை மாணவி ஒருவர் எழுதிவந்தார். ‘1842-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டறிந்தார்’ என்று முதல் வரி. இணையத்தில் எத்தனையோ இடத்தில் இந்த வரி இருக்கிறது. மன்றோ இறந்தது 1827 ஜூலையில். 15 ஆண்டு கழித்து எப்படி வந்து மலையைக் கண்டறிவார்? இதில் அந்தப் பெண் மேல் தப்பில்லை. ஆதாரம் உள்ளவர்கள் பூட்டிவைத்தால், ஆதாரம் இல்லாத வரிதான் ஊர் சுற்றும். அந்த வரியை எடுத்துவிட்டு, மலையில் மக்கள் எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்பதற்கு அலமாரியில் இருந்த கற்கோடரிகளையே முதல் பக்கத்தில் வைத்தோம்.

மலையிலிருந்து எழும்பூருக்கு

கற்கோடரி என்று வரும்போது ராபர்ட் புரூஸ் ஃபூட்டைச் சொல்லாமல் போக முடியாது. 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கல், இந்தியப் பழைய கற்கால ஆய்வையே தொடங்கிவைத்தது. 1891-இல் ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டில் குடியிருந்தார். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. சேர்வராயன் மலையில் சிறு கோயில்களில் சாமிக்கு முன்னால் வைத்திருந்த புதிய கற்காலக் கோடரிகளைப் பற்றியும் அவர் குறித்திருக்கிறார். வாழ்நாள் முழுவதும் சேர்த்ததை 1904-இல் சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அந்தத் தொகுப்பின் பட்டியல் அவர் இறந்தபின் 1914-இல் அச்சானது.

அந்தப் பட்டியலை இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகப் படிக்கலாம். நாங்கள் படித்தோம், வியந்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் எண், கிடைத்த இடம், கல்லின் வகை என்று நூறாண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். கணினி இல்லாத காலத்தில் செய்த தரவுத்தளம் என்றே சொல்வேன். ஆனால் முழுக்க ஆங்கிலம், ஊர்ப்பெயர்கள் அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டில். ஏற்காட்டு மலையில் நாகலூரிலோ செம்மநத்தத்திலோ இருக்கும் ஒரு பிள்ளை செல்பேசியில் தமிழில் தேடினால் அதில் ஒரு வரிகூட வராது. கல்லும் மலையிலிருந்து போய்விட்டது, அதைப் பற்றிய பேச்சும் மலைக்குப் புரியாத எழுத்தில் இருக்கிறது. எங்கள் சின்னத் தொகுப்பாவது தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும் என்ற முடிவு அங்கேதான் உறுதியானது.

வராந்தா வெளிச்சம்

படம் எடுத்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஒரு கல்லைத் தவிர. கேமரா கல்யாண வீடியோக்காரருடையது. ஒவ்வொரு படத்திலும் சென்டிமீட்டர் அளவுகோல், நிற அட்டை, பதிவு எண் சீட்டு மூன்றும் இருக்கும். மூலப்படம் டிஃப் வடிவில், இணையத்துக்கு ஜேபெக். கோப்பின் பெயர் பதிவு எண்ணிலிருந்தே தொடங்கும். மூன்று பிரதிகள், அதில் ஒன்று கல்லூரிக்கு வெளியே.

இனி அந்தக் கல். உள்ளங்கை நீளம், கறுப்பு, ஒரு முனை அகன்று கூர்மையாகவும் மறுமுனை குறுகலாகவும் இருக்கும். இதை முப்பரிமாணத்தில் செய்ய ஆசைப்பட்டோம். பொருளைச் சுற்றிச் சுற்றி, ஒரு படத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் வரும்படி 70 படம் எடுத்தால், மென்பொருள் அவற்றைக் கோத்து உருவம் ஆக்கிவிடும். மெஷ்ரூம் என்ற மென்பொருள் இலவசம். முதல் தடவை, கேக் அலங்கரிக்கும் சுழல்தட்டில் கல்லை வைத்து விளக்குப் போட்டு எடுத்தோம். வந்த உருவம் பள்ளமும் மேடுமாக, உருகிய வெல்லம் போல இருந்தது. காரணம் பிறகு புரிந்தது. தேய்த்து வழவழப்பாக்கிய கல்லில் விளக்கு பளபளக்கிறது. கல் திரும்பத் திரும்பப் பளபளப்பு இடம் மாறுகிறது. மென்பொருள் அந்தப் பளபளப்பையே கல்லின் மேற்பரப்பு என்று எடுத்துக்கொள்கிறது. பின்னால் இருந்த அலமாரியும் படத்தில் விழுந்து இன்னும் குழப்பியது.

அடுத்த நாள் மேகமூட்டம். சரி, வராந்தாவுக்குக் கொண்டு போவோம் என்றார் வீடியோக்காரர். மேலே வெள்ளை மல் துணியைக் கட்டி, பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டு, மறுபடி 70 படம். ராத்திரி முழுக்கக் கணினி ஓடியது. காலையில் திரையில் கல் சுழன்றது. கூர் முனையை அருகே இழுத்துப் பார்த்த மாணவி ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். விளிம்பில் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். ஈர மணலில் தேய்த்துத் தேய்த்துக் கூர் ஏற்றியவரின் கை போன தடம். கல்லைக் கையில் வைத்துப் பலமுறை பார்த்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும், இதைப் பார்த்ததில்லை.

‘கல் கோடாலி’ என்று தேடுகிறவருக்கு

பட்டியலை ஒமேகா என்ற இலவச மென்பொருளில் ஏற்றினோம். 2008-இல் வந்தது, உலகம் முழுக்கச் சிறு தொகுப்புகள் இதைப் பயன்படுத்துகின்றன. பெரிய தேசிய அருங்காட்சியகங்களுக்கென்று மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய ஜதன் மென்பொருள் இருக்கிறது. எங்கள் அளவுக்கு ஒமேகா போதும் என்று பட்டது.

தமிழ்த் தேடலில்தான் மாட்டிக்கொண்டோம். ஏட்டில் ‘கற்கோடரி’ என்று முறையாக எழுதியிருக்கிறோம். தேடுகிறவர் ‘கல் கோடாலி’ என்று அடிப்பார். ‘கல்’ சந்தியில் ‘கற்’ ஆகிவிட்டதால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘கோடரி’, ‘கோடாரி’, ‘கோடாலி’ மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. ‘நடுகல்’ தேடினால் ‘நடுகற்கள்’ வராது. ஆங்கிலத்துக்காகச் செய்த தேடுபொறிக்கு இது எதுவும் தெரியாது. அதனால் ‘மக்கள் சொல்லும் பெயர்கள்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, அத்தனை வடிவத்தையும் கையாலேயே எழுதினோம்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாத சிக்கல். ‘கொலுசு’ என்று தேடினால் சில பதிவுகள் வரவில்லை. எழுத்து ஒன்றுதான், பார்க்கவும் ஒன்றுதான். ஒருவர் ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாக அடித்திருக்கிறார், இன்னொருவரின் விசைப்பலகை ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறது. கணினிக்கு இரண்டும் வேறு. ஒருங்குறியிலேயே இதை ஒரே வடிவாக்கும் முறை உண்டு. எல்லாப் பதிவையும் அதில் ஒரு முறை ஓட்டியதும் சரியானது. அப்புறம் ‘ஔ’ எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்த பதிவுகள். அதை மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். தமிழில் தொகுப்பு ஏற்றும் யாரும் இந்த இரண்டையும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். 200 பதிவு என்பதால் நாங்கள் தப்பினோம்.

20 கொண்டை ஊசி தாண்டி

கற்கோடரிகளில் சிலவற்றுக்குக் கிடைத்த இடமாகப் பதிவேட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரில் இன்று தோட்டம் எதுவும் இல்லை. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலைப் பேருந்தில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டில் இறங்கி, ஜீப் பிடித்து மலைக்கிராமம் ஒன்றுக்குப் போனோம். ஊர்ப்பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் பின்னால் வருகிறது. அங்கே இருப்பவர்கள் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்தோடு தொடர்பு இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்தான்.

ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாணவி கையில் இருந்த டேப்லெட்டை வாங்கி, விரலால் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுங்களா கண்ணு? இது எங்க பிள்ளையார்கிட்ட இருக்குதே. எங்க தாத்தா காலத்துலயும் அங்கதான் இருந்துச்சு.”

“எத்தனை இருக்குங்க ஐயா?”

“எண்ணினதில்ல. ஏர் ஓட்டறப்ப கெடைக்கும். கெடைச்சா கொண்டாந்து சாமிகிட்ட வெச்சிருவோம். வீட்டுல வெக்கக் கூடாது.”

ஃபூட் எழுதியதும் இதைத்தான். நூறாண்டுக்கு மேல் ஆகியும் மாறாமல் இருக்கிறதே என்று பேராசிரியர் கண் கலங்கினார். படம் எடுக்கலாமா என்று கேட்டோம். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“சாமிய எடுக்காதீங்க. கல்ல மட்டும்னு கேப்பீங்க. அதுவும் சாமிதானுங்களே.”

எடுக்கவில்லை. செல்பேசியைப் பையில் வைத்துவிட்டு, கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்தோம். வீடியோக்காரருக்கு மனசு ஆறவில்லை, இறங்கும் வழியெல்லாம் புலம்பினார். இருந்தாலும் சரியாகவே செய்தோம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடியினருக்காகத் தொடங்கிய முகுர்த்து என்ற மென்பொருளில், எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்யும். நம் மென்பொருளில் அந்த வசதி இல்லாவிட்டால் நாம்தான் அப்படி நடந்துகொள்ள வேண்டும்.

போன காரியமும் நடந்தது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சொன்னதும் பெரியவருக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் கூடவே இருந்த ‘ஓடைக்கு மேற்கே, பெரிய பலா மரம்’ என்பதைப் படித்ததும் கையை நீட்டிக் காட்டினார். துரை போன பிறகு அந்தச் சரிவுக்கு மக்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. எங்கள் பதிவில் இப்போது இருக்கிறது, ‘ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னது’ என்ற குறிப்போடு.

மார்கழி இரவு

வேப்பமரத்தடி நடுகற்களில் ஒன்று புலிக்குத்திக் கல். வீரன் ஒருவன் புலியின் வாயில் கத்தியைச் செருகுகிறான். தலைக்கு மேல் எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்பது தெரியாது. மழையும் வெயிலும் அரித்துவிட்டன. கல்லின்மேல் காகிதத்தை வைத்து மசி ஒற்றி எடுத்த பழைய பிரதியிலும் கறையும் திட்டுமாகத்தான் இருந்தது.

இதற்கு ஒரு வழி உண்டு. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, கல்லுக்குப் பக்கத்தில் பளபளக்கும் கறுப்பு உருண்டை இரண்டை வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை ஒவ்வொரு திசையிலிருந்து காட்டி 50 படம் எடுக்க வேண்டும். உருண்டையில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து மென்பொருள் வெளிச்சத்தின் திசையைக் கணக்கிடும். பிறகு திரையில் நாம் விரும்பிய பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்கலாம். 2001-இல் ஹெச்பி ஆய்வகத்தில் உருவான முறை இது. மென்பொருளும் இலவசம். இருட்டு மட்டும் வேண்டும்.

மார்கழி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு. காவலாளி வளாக விளக்குகளை அணைத்தார். கல்லின் நடுவிலிருந்து ஒரு நூலைப் பிடித்து, எத்தனை நீளமோ அத்தனை தூரத்திலேயே ஒவ்வொரு முறையும் எல்இடி விளக்கு நிற்கும்படி மாணவிகள் இருவரும் மாறி மாறிப் பிடித்தார்கள். பனி இறங்கி லென்ஸ் இரண்டு முறை மங்கியது. நடுவில் நாய் ஒன்று முக்காலியை இடித்துவிட்டது, முதலிலிருந்து எடுத்தோம். முடிக்கும்போது மணி இரண்டு.

காலையில் பேராசிரியர் திரையில் வெளிச்சத்தை இடப்பக்கம் தாழச் சாய்த்தார். இரண்டாவது வரியில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தின் வளைவுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ம. க. ன். ‘மகன்’. அவர் உரக்கப் படித்தார். யாருடைய மகன், அவன் பெயர் என்ன என்பது உள்ள பகுதி சிதைந்துவிட்டது. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த இருவருக்குக் கோப்பை அனுப்பினோம்; இருவரும் அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டார்கள். எத்தனையோ ஆண்டாக மாணவர்கள் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட கல் அது. இப்போது அதைச் சுற்றிக் கம்பி போட்டிருக்கிறது நிர்வாகம்.

எதைக் கொடுப்பது, எதை மறைப்பது

படத்தை முழு அளவில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்கலாமா என்பதில் சண்டையே வந்தது. நிர்வாகத்தில் ஒருவர் படத்தின் நடுவில் கல்லூரி முத்திரையைப் பதிக்கச் சொன்னார். “யாராவது எடுத்துக்கிட்டா என்ன பண்றது சார்?” என்பது அவர் கேள்வி. எடுத்துக்கொள்ளட்டும் என்றுதானே ஏற்றுகிறோம். 2017 பிப்ரவரியில் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டது. 2020-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 28 லட்சம் படங்களைத் திறந்தன. அவர்கள் எதையும் இழக்கவில்லை. கோடரி செய்தவருக்குப் பதிப்புரிமை கிடையாது; நாங்கள் எடுத்த படத்துக்குத்தான் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை உண்டு. அதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டோம்: பயன்படுத்துங்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொன்னால் போதும். முத்திரை வேண்டாம் என்று கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டார்.

இடத்தை மட்டும் திறக்கவில்லை. செல்பேசியில் எடுத்தால் படத்துக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை ஒட்டிக்கொள்ளும். ஏற்றும் முன் அதை நீக்கினோம். காவல் இல்லாத மலைக்கோயில், காட்டுக்குள் இருக்கும் ஈமக்குழி, இவற்றின் துல்லியமான இடத்தை உலகத்துக்குச் சொன்னால் முதலில் வருகிறவர் ஆய்வாளராக இருக்க மாட்டார். அதனால் பொதுவில் வட்டம் மட்டும். ஊர்ப்பெயரும் சரிவின் பெயரும் உள்கோப்பில். ஆய்வுக்குக் கேட்பவருக்குப் பேராசிரியர் விசாரித்துக் கொடுப்பார். இது முழுத் திறப்பு இல்லை என்று ஒரு நண்பர் குறை சொன்னார். ஊர்க்காரருக்கே ஊர்ப்பெயர் தேடலில் வரவில்லையே என்று நானும் வருந்தினேன். வேறு வழி தெரியவில்லை.

மரக்கால்

மாசியில் தளம் வெளியே வந்தது. கற்கோடரியும் நடுகல்லும்தான் ஆட்களை இழுக்கும் என்று நினைத்தோம். அதிகம் பேர் திறந்து பார்த்தது மரக்கால் பக்கத்தை. பித்தளைப் பூண் போட்ட அந்த மர அளவை. ‘எங்கள் வீட்டிலும் இருந்தது’ என்று மின்னஞ்சல்கள் வந்தன.

அதில் ஒன்று ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, ஓர் அம்மா தன் மகனிடம் சொல்லி எழுதவைத்தது. ‘ஐயா, நீங்கள் மரக்கால் என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் அளவுகோலைப் பார்த்தேன். அது மரக்கால் இல்லை, வள்ளம். நாங்கள் களத்தில் அளந்தது’ என்று இருந்தது.

மரக்கால் என்றால் எட்டுப் படி. கொங்கு நாட்டு வள்ளம் நான்கு படி. பதிவேட்டில் ‘மரக்கால்’ என்று மையால் எழுதியிருக்கிறது, யாரும் அளந்து பார்த்ததில்லை. மறுநாள் கடையில் சோளம் வாங்கிவந்து, தொகுப்பில் இருந்த படியாலேயே அளந்து ஊற்றினோம். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது படி விழுந்ததும் விளிம்போடு நிரம்பி நின்றது. மாணவிகள் கை தட்டினார்கள்.

பதிவைத் திருத்தினோம். ‘பதிவேட்டில் உள்ளபடி: மரக்கால்’ என்பது அப்படியே இருக்கிறது. கீழே ‘மக்கள் சொல்லும் பெயர்: வள்ளம். ஆத்தூர்ப் பகுதி வாசகர் ஒருவர் தெரிவித்தது. நான்கு படி கொள்கிறது என அளந்து உறுதி செய்யப்பட்டது’ என்று சேர்த்திருக்கிறோம். அந்த அம்மாவுக்குப் பக்கத்தின் அச்சுப்பிரதியைத் தபாலில் அனுப்பினோம்.

இப்போதைய நிலை

தளத்தின் பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். துறையின் புத்தக நிதியிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் பட்டியல் தப்பிக்க, முழுத் தரவையும் சாதாரண உரைக் கோப்பாகவும், காகிதத்தில் அச்சடித்துப் பதிவேட்டோடு பைண்டு போட்டும் வைத்திருக்கிறோம். பழைய ஏழு டிவிடிகளை எறியவில்லை, அவற்றுக்கும் பதிவு எண் கொடுத்தாயிற்று. ஓலைச்சுவடிக் கட்டுகள் நான்கும் அப்படியே இருக்கின்றன. ஓலை நொறுங்குகிறது, எண்ணெய் பூசிப் பதப்படுத்தத் தெரிந்தவர் வந்து பார்த்த பிறகே அவிழ்க்கப் போகிறோம். இரண்டாவது நடுகல்லைச் சுற்றி மண் எடுத்தால் கீழே இன்னும் ஒரு வரி இருக்கும் என்று பேராசிரியர் நினைக்கிறார். தொல்லியல் துறையிடம் அனுமதி கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அனுமதி வந்தால், ஐப்பசி மழை விட்டு மண் இறுகியதும், அடுத்த அமாவாசைக்கு நூலும் விளக்குமாக நிற்போம்.